வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

கணவர் தியாகராஜா காலமாகி நாற்பத்து மூன்று நாளாகியும், தவமணி கட்டிலுக்குக் கீழே கை வைக்கவில்லை. அங்கே பன்னிரண்டு போத்தல் தண்ணீர் இருந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் வேலை பார்த்த காலத்துக் குண்டுக் கையெழுத்தில் தேதி எழுதியிருந்தார். எல்லாவற்றிலும் ஒரே தேதி. அவர் உயிரோடிருந்த கடைசி வெள்ளிக்கிழமை.

வெள்ளிதோறும் பழைய தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவார். தைக்க வந்த துணிகளை வைக்க இடமில்லாமல் தவமணி சண்டை பிடித்திருக்கிறாள்.

"இஞ்சேருங்கோ, இது பினாங்கு. குழாயைத் திறந்தாத் தண்ணி வரும்."

"வரும். அங்கையும் எங்கட கிணத்தில தண்ணி இருந்தது தானே, தவம்."

அவள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

இப்போது குழாயில் தண்ணீர் இல்லை. பட்டர்வொர்த் பக்கம் பெரிய குழாய் மாற்றுகிறார்கள், இரண்டு நாள்தான் என்றார்கள். மூன்றாம் நாளும் வரவில்லை. தண்ணீர் லோரி காலையில் வந்து, பாதி வரிசைக்கு ஊற்றிவிட்டுப் போய்விட்டது. மத்தியானம் பக்கத்து வீட்டுக் குமுதா கதவைத் தட்டினாள்.

"அக்கா, குடிக்கிற தண்ணி இருக்கா? எனக்கில்ல லா, மேல் மாடி பிச்சைமுத்து தாத்தாவுக்கு. மருந்து முழுங்கக்கூட ஒரு சொட்டு இல்லையாம். கடையிலயும் முடிஞ்சிருச்சு."

"இல்லைப் பிள்ளை," என்றாள் தவமணி.

குமுதாவின் பார்வை ஒரு கணம் அறைப்பக்கம் போய்த் திரும்பியது. அந்தப் போத்தல்கள் அவளுக்குத் தெரியும். "சரிக்கா, நான் பாத்துக்கிறேன்," என்று போய்விட்டாள்.

தவமணி கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். இந்த வீட்டில் அவர் கைபட்டு அப்படியே இருப்பது இது ஒன்றுதான். சட்டைகளைத் துவைத்தாயிற்று. மூக்குக்கண்ணாடியைக் கோயிலில் கொடுத்தாயிற்று. இந்த மூடிகளை இறுக்கிய விரல்கள் அவருடையவை. திறந்துவிட்டால் திறந்ததுதான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி மழை நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணம் முழுவதும் போருக்குத் தப்பி ஒரே தெருவில் நடந்த நாள். நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால், விடியற்காலையிலிருந்து சனம் நகராமல் நின்றது. முழங்காலளவு வெள்ளம், ஆனால் குடிக்க ஒரு வாய் தண்ணீர் இல்லை. அம்மா தண்ணீர் கேட்டுக் கேட்டு நா வறண்டு அவள் தோளில் சாய்ந்துவிட்டாள். அப்போதுதான் பக்கத்தில் நின்ற ஒருவர், தலை நனைய நனைய, குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்திருந்ததைப் பார்த்தாள். அதில் சேர்ந்ததைப் பால்மாத் தகரப் பேணியில் ஊற்றி அம்மாவிடம் நீட்டினார். அம்மா குடித்த மிச்சத்தை அவள் குடித்தாள். குடைச்சாயமும் கம்பித் துருவும் கலந்த அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. மறுபடி குடையை விரித்துப் பிடித்தார். மழை விட்டுவிட்டது. அவர் குடிக்கவேயில்லை.

கிளிநொச்சியில், இடம்பெயர்ந்து தங்கிய தறப்பாள் கொட்டிலில், அவரோடு கலியாணம் முடிந்த பிறகு கேட்டாள். "உங்களுக்குத் தாகம் இல்லையோ அண்டைக்கு?"

"இருந்தது."

"பிறகேன் தந்தனீங்கள்?"

"கொம்மா கேட்டவ எல்லே? ஆரும் குடிக்கத்தானே பிடிச்சது."

அதன்பிறகு ஏழு இடம் மாறினார்கள். எட்டாவது இந்த ஒன்பதாம் மாடி. எங்கே போனாலும் அவர் முதலில் தேடியது போத்தல்தான்.

தவமணி குனிந்து இரண்டு போத்தல்களை இழுத்தாள். படியேறி மேலே போனாள். பிச்சைமுத்து சாய்வு நாற்காலியில் இருந்தார். பிளாஸ்டரைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"தேதியெல்லாம் போட்டிருக்கு. என்னம்மா, சிலோன் தண்ணியா?"

"இல்லை ஐயா. இந்தக் குழாய்த் தண்ணிதான். கொதிக்க வைச்சுத் தாறன்."

"உன் வீட்டுக்காரர் எழுத்தா? அச்சு மாதிரி இருக்கு."

"ஓம்," என்றாள். மூடி இறுகியிருந்தது. முந்தானையால் பிடித்துத் திருகினாள். திறந்தது.

இறங்கி வந்ததும் குமுதாவின் கதவைத் தட்டினாள். "பொய் சொல்லிப்போட்டன் பிள்ளை. வாரும், வந்து எடும்."

"தெரியும்க்கா," என்றாள் குமுதா. "அண்ணன் இருந்திருந்தா இந்நேரம், 'நான் சொன்னேன்ல'ன்னு சிரிச்சிருப்பாரு."

"சிரிக்க மாட்டார். வரிசையில நிக்கச் சொல்லியிருப்பார்."

இருவரும் சிரித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பதினொரு போத்தல் போயிற்று. கடைசிப் போத்தலைத் தவமணி தானே திறந்து, ஒரு குவளை ஊற்றி, மெதுவாகக் குடித்தாள். ருசி ஒன்றுமில்லை. வெறும் தண்ணீர். மீதியைக் குமுதாவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள்.

மறுநாள் காலை குழாய் இருமியது. செம்மண் நிறத்தில் வந்து, பிறகு தெளிந்தது. வெறும் போத்தல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருந்தன. தவமணி அவற்றைப் பிளாஸ்டர் நனையாமல் கழுவி நிரப்பத் தொடங்கினாள். மூன்றாவதை மூடியதும், அவர் செய்வதுபோலவே, தலைகீழாகக் கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பார்த்தாள். அப்படிப் பார்த்தது அவளுக்கே பிறகுதான் தெரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. பழைய தேதிக்குக் கீழே இடம் இருந்தது. பேனையை எடுத்துவந்தாள்.