குதிரைக்கு வெட்டிய குழி

றிச்மண்ட் ஹில்லுக்கு வடக்கே ஒரு குதிரைப் பண்ணையில் குலேந்திரனுக்கு வேலை. ரொறொன்ரோப் பனிக்காலத்தில் குதிரைக்குச் சுடுதண்ணீர் கலந்து வைக்க வேண்டும். கடிவாள இரும்பைத் தன் கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கித்தான் அதன் வாயில் பூட்ட வேண்டும். குளிர்ந்த இரும்பு நாக்கை உரித்துவிடுமாம்.

அவனுடைய தம்பி வைகாசியில் முள்ளிவாய்க்காலில் காணாமற்போனவன். சண்டை முடிந்து பனியும் கொட்டத் தொடங்கிவிட்டது, உடலுமில்லை, தகவலுமில்லை. அந்தியேட்டிக் கிரியையாவது செய்வோமென்று ஊருக்குப் போன் எடுத்தபோது தாய் சீறினாள்: "என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான். உந்தக் கதையோடை இனிப் போன் எடுக்காதை!"

அன்று காலை நிலமெல்லாம் கண்ணாடிபோல ஐஸ். இன்றைக்குக் குதிரையில் ஏற வேண்டாமென்று முதலாளி எமிலியிடம் குலேந்திரன் சொன்னான். அவள் சிரித்துவிட்டு ஏறிப் போனாள். வளைவில் குதிரை சறுக்கி விழுந்து முன்னங்கால் முறிந்தது. மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டு அதன் கதையை முடித்தார்.

கல்லாய் இறுகிய மண்ணைப் பிளக்க மெஷின் வந்தது. எமிலி பூப் போட்டாள், பிரார்த்தித்தாள், வாலில் ஒரு கற்றை மயிரை நறுக்கிக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டாள். ஒரு குதிரைக்கு இவ்வளவு மரியாதை! பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற குலேந்திரன், முதல் மண் விழுந்த சத்தத்தில் விம்மி வெடித்தான்.

எமிலி ஓடிவந்து அவனை அணைத்துக்கொண்டாள். "கூடப்பிறந்தவனைப் போலல்லவா அவனைப் பார்த்துக்கொண்டாய்," என்றாள் ஆங்கிலத்தில்.

ஓமென்று தலையாட்டிய குலேந்திரன், தம்பிக்குப் போடக் கிடைக்காத வாய்க்கரிசியை ஒரு பிடி மண்ணாக அள்ளிக் குதிரைக்குப் போட்டான்.