கை நனைத்த துப்பறிவாளர்

துப்பாக்கி நெற்றிக்கு நேராக நீண்டிருந்தது. தொப்பிக்காரன் அசரவில்லை. "சுடுறதுக்கு முன்னாடி மணியைப் பார்த்துக்கோ மிஸ்டர், போஸ்ட்மார்ட்டம் செய்யிற டாக்டருக்கு உதவியா இருக்கும்" என்றான். ராசாங்கம் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான்காவது முறையாகப் பார்க்கும் படம். டிவிக்குக் கீழே முறத்தை வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி உண்ணாமலை தலையைத் தூக்கவேயில்லை. அவளுக்கு அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாமே ஒன்றுதான். மெட்ராஸ் வெயிலில் முழங்கால் வரை கோட்டு போட்டுக்கொண்டு ஒருவன் அலைவான். அவனுக்கு அம்மா கிடையாது, கட்டிக்கொடுக்கத் தங்கை கிடையாது, அந்தக் கோட்டைத் துவைத்துப்போட ஒரு நாதி கிடையாது. வில்லனிடம் சுற்றுகிற சுவர் இருக்கும், தரைக்கு அடியில் மாளிகை இருக்கும், பத்தடியில் நிற்பவனைக் குறி பார்த்துச் சுடத் தெரிந்த ஆள் ஒருவன் இருக்க மாட்டான். இதற்கு ஒரு படம், அதைப் பார்க்க ஒரு மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

ராசாங்கம் பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவர். டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை போய், ஆளுக்கு ஒரு "சரிங்க சார்" சொல்லி ஓய்வு பெற்றவர். மகன் வயசு அதிகாரி திட்டினாலும் சரிங்க சார், திட்டாவிட்டாலும் சரிங்க சார். ஓய்வு பெற்ற மூன்று வருடத்தில் அந்த அறுபதுகளின் துப்பறியும் படங்களாகத் தேடித் தேடிப் பார்த்து, தானும் ஒரு துப்பறிவாளர் என்ற முடிவுக்கு வந்திருந்தார். எதிர் வீட்டில் ஒரு செருப்பு காணாமல் போனபோது பூதக்கண்ணாடியோடு போய் வாசலில் குப்புறப் படுத்தார். நாய் தூக்கிக்கொண்டு போனதைத் தெருவே பார்த்திருந்தது. அவர்கள் குடியிருக்கும் துறைமங்கலத்தில் அதைச் சொல்லிச் சிரிக்காத வீடு இல்லை. உண்ணாமலைதான் அன்றைக்குத் தலை கவிழ்ந்து தண்ணீர் பிடிக்கப் போனாள்.

இப்படிப்பட்டவரிடம்தான் பெற்ற பெண்ணின் வாழ்க்கை போய்ச் சிக்கியது.

பூங்குழலிக்கு இருபத்தேழு. தனியார் கல்லூரியில் கணக்கு நடத்துகிறாள். உடையார்பாளையத்துக்குப் பக்கத்திலிருந்து ஜாதகம் வந்தது. மாப்பிள்ளை அறிவரசன் சிமெண்டு ஆலையில் இன்ஜினியர், அப்பா சாமிதுரைக்கு முந்திரிக்காடு, நிலம், மாடி வீடு. எல்லாம் பொருந்தியது. ஒன்றுதான் இடித்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பையனுக்கு ஒரு பெண்ணை நிச்சயம் செய்து, பத்திரிகை வரைக்கும் போய், நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று யாரும் சொல்லவில்லை.

"அது மட்டும் தெரிஞ்சா போதும்மா. வேற ஒன்னும் கேக்கல நான். அது தெரியாம தலையில பூ வச்சுக்க மாட்டேன்" என்றாள் பூங்குழலி.

உண்ணாமலை சத்துணவு அமைப்பாளர். அவளோடு பயிற்சிக்கு வந்த பஞ்சவர்ணம் ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரி, சாமிதுரை ஊரில்தான் தங்கையைக் கொடுத்திருக்கிறாள். ஒரு போன் போட்டால் முடிகிற வேலை. ஆனால் ராசாங்கம் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பொம்பளைங்க போன்ல கேட்டா காத்து வாக்குல போயிரும். எதிரிக்குத் தெரியாம உள்ள போவணும். நான் போயிட்டு வரேன்."

"எதிரியா? சம்மந்தம் பேசுற எடங்க அது."

"இந்தத் தொழில்ல எல்லாரும் சந்தேகத்துக்கு உரியவங்கதான்" என்றார், ஒரு புருவத்தை மட்டும் உயர்த்த முயன்று. இரண்டும் உயர்ந்தன.

ஒரு நாள் தானே, போய்த்தான் வரட்டும் என்று உண்ணாமலை விட்டாள். அதற்காக இன்றைக்கும் தன்னையே நொந்துகொள்கிறாள். புதன்கிழமை காலை கறுப்புக் கண்ணாடி, பழுப்புத் தொப்பி, தோளில் ஒரு ரெக்சின் பை சகிதம் அரியலூர் பஸ் ஏறினார். வேஷம், முந்திரி வியாபாரி. பெயர்கூட மாற்றி வைத்திருந்தார். ஜாதகத்தோடு சேர்த்து அவருடைய குடும்பப் போட்டோவும் வாட்ஸப்பில் சாமிதுரை வீட்டுக்குப் போயிருக்கிறது என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை. அனுப்பியவரே அவர்தான்.

சாயங்காலம் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார்.

"எதிரியோட கோட்டைக்குள்ளயே போயி உக்காந்துட்டேன் உண்ணாமல. முந்திரிக்கொட்ட வாங்க வந்துருக்கேன்னேன். அப்புடியே நம்பிட்டானுவ. உள்ள கூட்டிட்டுப் போயி எலையப் போட்டு, பதினோரு வகை..."

உண்ணாமலை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "சாப்புட்டீங்களா?"

"பின்ன? மாட்டேன்னா சந்தேகம் வராதா?"

சம்பந்தம் முடிவாகிற வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், மிஞ்சினால் ஒரு வாய் காப்பி. சோற்றில் கை வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அவருக்கும் தெரியும். ஆனால் சாப்பிட்டது முந்திரி வியாபாரி, பெண்ணைப் பெற்றவன் இல்லை என்பது அவருடைய கட்சி.

"அது சரி, கேக்கச் சொன்னத கேட்டீங்களா?"

"நைசா கேட்டேன். முன்னாடி ஒரு எடம் பேசி நின்னு போச்சாமேன்னேன். 'இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்திக்குங்க'ன்னாரு."

அப்போதே போன் அடித்தது. சாமிதுரை. ஸ்பீக்கரில் அவர் குரல் கூடத்தை நிறைத்தது. "சம்மந்தி பத்தரமா வந்து சேந்தாங்களா? வெத்தல போடாமப் போயிட்டாங்க. அதான் கை நனைச்சாச்சே, அடுத்த வெள்ளிக்கெழம நாள் நல்லாருக்கு, பூ வைக்க வந்துடுறோம்." தொப்பியைக் கழற்றாமலே நின்ற ராசாங்கம், "சரிங்க" என்றார். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

பூங்குழலி கத்தவில்லை. "நான் கேட்டது ஒன்னே ஒன்னுதானேப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் உண்ணாமலை பஞ்சவர்ணத்துக்குப் போன் போட்டாள். பஞ்சவர்ணம் இழுத்தாள். "உங்க வூட்டுக்காரரு கை நனைச்சுட்டாராமேக்கா. ஊரே சொல்லுது. முடிஞ்ச சம்மந்தத்துல நான் வாயத் தொறந்து அந்தப் பாவத்த ஏன் கட்டிக்கணும்? முந்தாநேத்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. இலை மடித்ததும் அந்த ஊரின் வாய் முழுக்க மூடிக்கொண்டது. அன்றிலிருந்து உண்ணாமலை புருஷனிடம் பேசுவதை விட்டாள். டிவியும் ஓடவில்லை. அவர் கூடத்து மூலையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இரண்டு காரில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். பூக்கூடை, பழத்தட்டு, பட்டுச்சேலை. அறிவரசன் ஓரமாகத் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தான். ஒரு முறைகூட வாய் திறக்கவில்லை. உண்ணாமலை ஒவ்வொருவர் முன்னாலும் கேசரியும் பஜ்ஜியும் வைத்தாள். யாரும் தொடுவதற்குள் சாமிதுரை செல்லை எடுத்தார்.

"மொதல்ல இதப் பாருங்க."

வீடியோ. தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, முன்னால் இலை. ராசாங்கம் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டே, "நம்ம பிசினஸ்ல கண்ண மூடிக்கிட்டே மூட்டைய எடை போடுவேங்க" என்கிறார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம். கூடமே குலுங்கிச் சிரித்தது. சாமிதுரை தன் குளிர்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதே போல் பேசிக் காட்டினார். மறுபடி சிரிப்பு. ராசாங்கமும் சிரித்தார். "சரிங்க... சரிங்க" என்று தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

உண்ணாமலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை இளக்காரமாகப் பார்க்கும் உரிமை முப்பது வருடம் பொங்கிப்போட்ட அவளுக்கு உண்டு. இவர்களுக்கு என்ன உரிமை? அறைக் கதவைப் பார்த்தாள். ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் பூங்குழலி நின்றாள். தலையில் பூ இல்லை.

"ஒன்னு கேக்கணுங்க" என்றாள் உண்ணாமலை. "தம்பிக்கு முன்னாடி நிச்சயம் பண்ணது ஏன் நின்னுச்சு?"

சிரிப்பு பாதியில் நின்றது. சாமிதுரை கண்ணாடியைக் கழற்றவில்லை. "துப்பறியிற ஆள வூட்டுலயே வச்சுக்கிட்டு எங்கள கேக்குறீங்களேம்மா. அவரு கண்டுபுடிச்சுட்டு வரலியா?" மறுபடி சிரிப்பு கிளம்பியது.

"எப்புடிங்க கண்டுபுடிப்பாரு? எலையில பதினோரு வகை வச்சீங்க. கேட்ட ஒரு பதிலத்தான் பரிமாற மறந்துட்டீங்க."

சொன்னது தான்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்று வருடமாக வெங்காயத்தோடு சேர்த்துக் காதில் வாங்கிய பட வசனம் எங்கேயோ தங்கியிருந்திருக்கிறது. சாமிதுரை முகம் சுருங்கியது.

"கை நனைச்ச எடத்துல இப்புடிப் பேசுறது மொற இல்லம்மா."

"நனைஞ்ச கையி காஞ்சு ஒம்பது நாளாச்சுங்க."

உண்ணாமலைக்கு நாக்கில் ஏதோ தித்தித்தது. இதற்காகத்தானா இந்த மனிதர் நான்கு முறை ஐந்து முறை அந்தக் குப்பைகளைப் பார்த்தார்? எதிரே பெரிய இடத்து ஆள் உட்கார்ந்திருக்க, உள்ளே பயத்தோடு, அது வெளியே தெரியாமல் ஒரு வார்த்தை. வாழ்க்கையில் ஒரு தடவையாவது. அப்போதும் அவை குப்பைதான். சினிமாவில் இந்த இடத்தில் தொப்பிக்காரன் எழுந்து போய்விடுவான், பின்னால் இசை வரும். இது அவளுடைய வீடு. எட்டுப் பேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், கேசரி ஆறிக்கொண்டிருக்கிறது. அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மூலையிலிருந்து ராசாங்கம் எழுந்தார். சமையலறைக்குப் போய்ப் பெரிய தாம்பாளத்தை எடுத்து வந்தார். பதில் சொல்லாதவர்கள் இந்த வீட்டில் கை நனைக்க வேண்டியதில்லை. சாமிதுரைக்கு முன்னால் குனிந்து, யாரும் தொடாத கேசரித் தட்டை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தார். பிறகு அவர் மனைவியுடையது. பிறகு அடுத்தவருடையது. முப்பத்தொரு வருடம் டீத் தட்டு தூக்கிய கை, ஒரு துளி சிந்தவில்லை, ஒரு சத்தம் இல்லை. ஒவ்வொருவராகக் கையை விலக்கிக்கொண்டார்கள். சாமிதுரை கண்ணாடியைக் கழற்றினார்.

கடைசித் தட்டு அறிவரசனுடையது. ராசாங்கம் பிடித்து இழுத்தார், வரவில்லை. அவன் மறுமுனையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. முதல் தடவையாகத் தலையைத் தூக்கி, அப்பாவைப் பார்க்காமல், கேட்ட கேள்விக்குத் தானே பதில் சொல்லப் போகிறவன் போல ஒருக்களித்த கதவைப் பார்த்தான். ராசாங்கம் தட்டை விடவில்லை. அவனும் விடவில்லை. இருவருக்கும் நடுவில் கேசரியின் மேல் ஒட்டியிருந்த முந்திரி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.