வட்டம் போடாத இடம்

வீடியோ கேம் ஆடிக் காட்டுகிற எங்கள் யூடியூப் சேனலில் எந்த விளையாட்டுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டதில்லை. தோலுக்குத் தரம் பிரிக்கிற மாதிரி ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட். அவ்வளவுதான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் செக்கர் நான். தோல் வெட்டுகிறவன் தானிஷ். வேறு எப்படி மதிப்புப் போட வரும் எங்களுக்கு?

தோலை மேஜையில் விரித்து, உண்ணி கடித்த தழும்பு, முள் கீறிய கோடு என்று எந்தப் பழுது கண்டாலும் சில்வர் பேனாவால் வட்டம் போடுவேன். தானிஷ் அந்த வட்டத்தை விலக்கி வெட்டுவான். நான் ஒன்றை விட்டுவிட்டால் பழுது ஷூவின் முகப்பில் வந்து உட்காரும், திட்டு அவனுக்கு விழும். ஆறு வருஷத்தில் என்னால் அவன் திட்டு வாங்கியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

சேனலிலும் அதே ஜோடிதான். அவன் ஆடுவான், நான் பேசுவேன். பார்க்கிற நாலாயிரம் பேரும் அவன் கை வேகத்துக்காக வருகிறவர்கள். என் பேச்சைப் பொறுத்துக்கொள்வார்கள்.

பிப்ரவரியில், தோலை அழுத்தி வெட்டுகிற கட்டிங் பிரஸ்ஸில் அவனுடைய வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. நான் இரண்டு மேஜை தள்ளி நின்றிருந்தேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நாலு மாதம் அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. போன் செய்தால் "உம்" என்பான். ஜூனில், எங்களுக்கு உயிரான விண்வெளிச் சண்டை விளையாட்டுக்கு ஒரு சின்ன டிஎல்சி வந்தது. கூடுதல் கதை, நாலே கட்டம். நிலவுச் சுரங்கத்தில் காற்று தீர்வதற்குள் அகப்பட்டவர்களை மீட்க வேண்டும். அன்றைக்கு அவனே போன் செய்தான்.

"ஜெஸ்டன், ஞாயித்துக்கெழம வர்றேன். நான்தான் ஆடுவேன். இத ஆடிட்டேன்னா பிரஸ்லயும் நிக்கலாம்ல?"

சந்தோஷப்பட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கண்ட்ரோலரில் சுடுகிற பட்டன் வலது ஆள்காட்டி விரலுக்கு அடியில்தான் இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் வந்தான். அஸர் தொழுதுவிட்டு வருகிறேன் என்று தெருமுனைப் பள்ளிவாசலுக்குப் போனான். அந்த இடைவெளியில் விளையாட்டைத் திறந்து, கஷ்டத்தை ஆகக் குறைந்த நிலைக்கு இறக்கி வைத்தேன். துப்பாக்கி தானாகவே குறி தேடிக்கொள்கிற வசதியையும் போட்டுவிட்டேன். அவன் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும் என்று இருந்தது.

சிரித்தான். மோதிர விரலால் சுட்டுக்கொண்டே இரண்டு மணி நேரத்தில் நாலு கட்டத்தையும் முடித்துவிட்டான். மைக்கையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான்.

"கத நல்லாருக்கு. அந்த இருட்டு, மூச்சு சத்தம் எல்லாம் சூப்பர். ஆனா எதிரிங்க சும்மா நிக்கறாங்க, சுட்டா விழறாங்க. ஒரு தடவகூட சாகல நான். கஷ்டம் ரொம்ப கம்மி. தேர்ட்!"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். என் எதிரிலேயே சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, வியாழக்கிழமை பிரஸ்ஸுக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன், கோழை.

வீடியோ போட்ட மறுநாளே பார்த்தவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். "அண்ணா, கடைசி கட்டத்துல நான் இருபது தடவ செத்தேன்." இன்னொருவர், "ஈஸியில வெச்சு ஆடிட்டு தேர்ட்டாம்." நான் பார்ப்பதற்கு முன் தானிஷ் பார்த்துவிட்டான்.

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தபோது என் அறையில் உட்கார்ந்திருந்தான். திரையில் செட்டிங்ஸ் திறந்திருந்தது.

"எப்போ மாத்தின?"

"நீ தொழப் போனப்போ."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. "ஆறு வருஷம் ஒரு பழுது விடாம வட்டம் போட்ட. இத தெரிஞ்சே விட்டுட்ட. வியாழக்கெழம நான் பிரஸ் கீழ கைய வெச்சிருப்பேன்டா."

எல்லாவற்றையும் பழைய நிலைக்கு மாற்றிவிட்டு ஆட ஆரம்பித்தான். சுரங்க வாசலிலேயே செத்தான். மறுபடி செத்தான். பதினொன்று வரை எண்ணினேன், அப்புறம் எண்ண மனசில்லை. அவன் கண் எதிரியைப் பார்த்துவிடுகிறது, விரல்தான் ஒரு நொடி பிந்தி வருகிறது. சட்டை நனைந்துபோயிருந்தது. கடைசியில் கண்ட்ரோலரை மடியில் வைத்து, வலது கையை இடது கையால் மூடிக்கொண்டான்.

"மைக்க போடு."

போட்டேன்.

"மொத வீடியோ தப்பு. எதிரிங்க ஒளிஞ்சு வர்றாங்க, சுத்தி வளைக்கறாங்க, ஒரு தப்பு பண்ணா விட மாட்றாங்க. சின்ன டிஎல்சிதான், ஆனா ஃபர்ஸ்ட் குவாலிட்டி. என்னால ஆட முடியல. எனக்கு ரெண்டு விரல் இல்ல."

விரல் இல்லை என்று அவன் வாயால் சொல்லி அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். நான் அழுதேன். அவன் அழவில்லை. எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான்.

"சூப்பர்வைசர்கிட்ட நீயே சொல்லிடு. இந்த தடவ வட்டம் போடாம விட்டுடாத."

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் போய், தானிஷால் பிரஸ்ஸில் நிற்க முடியாது என்று சொன்னேன். அந்தப் பிரஸ்ஸுக்கு சூரியபிரகாஷ் என்று ஒரு புது ஆள் வந்திருக்கிறான். இப்போது அவனுக்குத்தான் நான் வட்டம் போட்டுக் கொடுக்கிறேன்.