சிலிண்டருக்குப் பாலாபிஷேகம்

எங்கள் காருக்கு வயது இருபத்தொன்று. எனக்கும் அதேதான். இரண்டில் எதற்குப் பொறுப்பு ஜாஸ்தி என்று கேட்டால் அப்பா யோசிக்காமல் காரைக் கைகாட்டுவார்.

அந்தக் கார் பௌர்ணமியன்று காலை ஏழே முக்காலுக்கு, வேங்கிக்கால் தாண்டி ஒரு கரும்பு டிராக்டரை நான் முந்தப் போன நேரத்தில் விக்க ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குலுக்கல்தான் கூடியது. அறுபதில் இருந்த வேகம் இருபதுக்கு இறங்கியது. டிராக்டர்க்காரர் எங்களைத் திரும்ப முந்திக்கொண்டு போனார்.

முன்சீட்டில் அப்பா, பின்சீட்டில் அம்மா. அவள் இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போவதற்குள் ஒருமுறை நின்று மூச்சு வாங்குவாள். வேலூரில் ஆபரேஷன் செய்யும் டாக்டர் பன்னிரண்டு மணிக்குள் வரச் சொல்லியிருந்தார். விட்டால் அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து. அவ்வளவு நாள் தாங்காது என்று உள்ளூர் டாக்டர் சொல்லிவிட்டார். கிரிவலக் கூட்டத்தில் அம்மாவைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது. வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"திரட்டுப்பால் வாசனை வரதேடா மௌலி," என்றாள் அம்மா. "யாராத்துலயோ கிண்டறா."

சுற்றுவட்டாரத்தில் வீடே இல்லை. நான் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

நேற்று சாயந்தரம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்பா பெரிய கோவிலில் குருக்கள். பயணம் நல்லபடியாக அமைய, காருக்குச் சந்தனப் பொட்டு, எலுமிச்சம்பழம், கற்பூரம் என்றுதான் ஆரம்பித்தார். நான்தான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, மூலவர் உள்ளேன்னா இருக்கார்? வெளிப் பிராகாரத்தோட முடிச்சுண்டா எப்படி?" என்றேன். மற்ற நாளாக இருந்தால் முறைத்திருப்பார். அம்மாவுக்குத் தேதி குறித்ததிலிருந்து அவருக்குக் கேலி எது, யோசனை எது என்று தெரியவில்லை. பேனட்டைத் திறக்கச் சொன்னார். மந்திரம் சொல்லி, ஒரு சொம்புப் பாலை நிதானமாக என்ஜின் தலையில் ஊற்றினார். நான் வீடியோ எடுத்தேன்.

காரை இருபதிலேயே உருட்டிக்கொண்டு, மெக்கானிக் அய்யூப் பாய் ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

"இன்னா சாமி, காலங்காத்தால?"

"பிக்கப்பே இல்ல பாய். இவளை வேலூர் அழைச்சுண்டு போகணும்," என்றார் அப்பா.

"பெட்ரோல் எங்க போட்டீங்க? ஃபில்டர் எப்ப மாத்துனது?"

எல்லாவற்றுக்கும் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று ஒரு கருத்தும் வழங்கினேன். பாலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை, அவருக்குப் பூஜை வேறு இலாகா, கோளாறு வேறு இலாகா. என் கருத்தை மதித்துப் பாய் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். அதில் முக்கால் மணி நேரம் போனது. அம்மா மரப்பெஞ்சில் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"ஃபில்டர் சுத்தமா கீது," என்று பாய் என்ஜினை ஓடவிட்டு, பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். முதல் ஒயரைப் பிடுங்கியதும் என்ஜின் தள்ளாடியது.

"இவரு டூட்டில கீறாரு." மாட்டினார். இரண்டாவதைப் பிடுங்கினார். என்ஜின் கண்டுகொள்ளவே இல்லை. "இவரு லீவு." மூன்றாவதும் அப்படியே. "இவரும் லீவு." நாலாவதைப் பிடுங்கியதும் மறுபடி தள்ளாடியது. "நாலு சிலிண்டர்ல ரெண்டு பேர் வரல. அப்புறம் எப்படி சாமி வண்டி இழுக்கும்?"

என்ஜினை நிறுத்தி, பிளக் குழிக்குள் டார்ச் அடித்தார். விரலை விட்டு எடுத்து மோந்தார். முகம் சுளித்தார்.

"இன்னா இது, பால்கோவா?"

அப்பா முகம் வெளுத்துவிட்டது. "நேத்து அபிஷேகம் பண்ணினேன் பாய்."

"என்ஜினுக்கா?" பாய் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "ஒயர் ரப்பர் பூரா நனைஞ்சிருச்சு. நெருப்பு பிளக்குக்குப் போவாம வெளியவே கசியுது."

குழியைத் துடைத்து, காற்றடித்து, ஒயரைக் காயவைத்து, புது பிளக் போட்டார். என்ஜின் சீராக ஓடியது. மணி ஒன்பதரை.

"கிளம்பலாம்ப்பா."

அப்பா அசையவில்லை. "வேண்டாம். நான் செஞ்ச பூஜையே குறுக்க நிக்கறது. போகாதேன்னு இதுக்கு மேல பகவான் எப்படிச் சொல்லணும்?"

"ஆமான்னா," என்றாள் அம்மா, காத்திருந்ததுபோல. "ஆத்துக்கே போயிடலாம். எனக்கும் பயமா இருக்கு."

இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி வந்துவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவர் ஒண்ணும் சொல்லலப்பா," என்றேன். "நான்தான் சொன்னேன். மூலவர், பிராகாரம், எல்லாம் கேலி. நீங்க ஊத்தறதைப் பிடிச்சு காலேஜ் குரூப்ல போட்டேன். இங்க வரும்போதே பால்தான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஃபில்டரைக் கழட்ட வெச்சேன்."

பாய் ஸ்பேனரைக் கீழே வைத்தார். அப்பா என்னையே பார்த்தார். அடித்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

"எத்தனை பேர் பார்த்தா?"

"நானூத்திப் பன்னண்டு."

"அதுல ஒருத்தன்கூடவா சொல்லலை, என்ஜின்ல பால் ஊத்தக்கூடாதுன்னு?"

"எல்லாரும் சிரிச்சா."

அப்பா அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, பின்சீட்டில் உட்காரவைத்தார். முன்னால் ஏறி, கதவைச் சாத்தினார்.

"வண்டிய எடு."

போளூர் வரை அப்பா வாட்சையே பார்த்துக்கொண்டு வந்தார். அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு சத்தம். அம்மா சிரிக்கிறாள். "நானூத்திப் பன்னண்டு பேரா..." என்று ஆரம்பித்தவள், பாதியில் மூச்சு வாங்கி, பேச்சை விட்டுவிட்டாள்.

"மெதுவா, பத்மஜா, மெதுவா," என்றார் அப்பா, பின்னால் திரும்பி. பிறகு என்னிடம்: "நீ இன்னும் வேகமாப் போடா."