கடைசிக் குதிரைக்கு வாசித்த பிடில்

எங்கள் தந்தை விட்டுச்சென்ற கழுத்து நுனியில் குதிரைத் தலை செதுக்கிய பிடிலின் ஆட்டுத்தோல் முகப்பை உரித்தெடுத்துவிட்டு, அவ்விடத்தில் பைன் பலகையைச் செதுக்கி ஒட்டினார் என் அண்ணன் பல்தான். மங்கோலியப் புல்வெளியில் எங்கள் ஓடைக்கரையில் அதுவரை எவரும் அவ்வாறு செய்ததில்லை. செய்தி பரவியதும், எங்கள் கூடாரத்திற்குத் தேநீர் அருந்த வருவோரும் குறைந்தனர். இறுதியில் அண்ணி ஒரு கெடு விதித்தார்.

“இந்தக் கோடைப் பந்தயத்துல ஒரு குதிரைக்காவது இதை வாசிக்க விடுறாங்களான்னு பாருங்க. இல்லேன்னா பழைய தோலையே திரும்ப ஒட்டிடணும்.”

அண்ணன் ஒப்புக்கொண்டார். உரித்த தோலை மடித்து அங்கியின் மார்புக்குள் வைத்துக்கொண்டே விழாவுக்குப் புறப்பட்டார். வாசிக்க வேண்டியவன் நான்.

பந்தயத்தில் ஓடிவந்த குதிரைகளுக்குப் பிடில் இசையோடு வாழ்த்துப் பாடுவது எங்கள் வழக்கம்; பாடுபவர் லுவ்சன் என்னும் முதியவர். அவர் எங்கள் பிடிலை விரலால் தட்டிப் பார்த்தார்.

“என்னடா பல்தான், மாவுப் பெட்டிக்குக் குதிரைத் தலை வச்சிருக்க?”

“கேட்டுட்டுத் திட்டுங்க, பெரியப்பா.”

“ஜெயிச்ச குதிரைக்கு என்னுதுதான். கடைசியா வர்றதுக்கு வேணா உன் தம்பி வாசிக்கட்டும். அது கோவிச்சுக்காது.”

இரண்டு வயதுக் குதிரைகளின் ஓட்டத்தில் கடைசியாக வருவதற்கும் வாழ்த்து உண்டு. ‘நிறைவயிறன்’ என்று அதனை அழைத்து, அடுத்த ஆண்டு நீயே முதல்வன் என்று பாடுவோம்.

அந்த ஓட்டத்தின் குதிரைகள் தொலைவில் தெரிந்தபோதே மழை இறங்கிவிட்டது. ஜம்பா என்பவரின் செங்குதிரை முதலில் பாய்ந்து வந்தது. லுவ்சன் வில்லை இழுத்தார். ஈரத்தில் தொய்ந்த தோல், சளிபிடித்த ஆட்டைப்போல் ஒலித்தது. ஜம்பாவுக்கு முகம் கறுத்தது. வாழ்த்தை எப்படியோ முடித்த முதியவர், பிடிலை உலர்த்துவதற்காகச் சாண நெருப்பின் அருகே காட்டினார். அவசரத்தில் மிக நெருக்கமாகப் பிடித்துவிட்டார். தோல் ‘டப்’பெனப் பிளந்தது.

அவ்வேளையில் கடைசிக் குதிரை, எக்கவலையுமின்றி, நடந்தே வந்து சேர்ந்தது.

நான் வில்லை இழுத்தேன். பலகையின் ஒலி ஈரத்திலும் தொய்யவில்லை. அது மழையைக் கடந்து சரிவில் கட்டியிருந்த குதிரைகள் வரை சென்றது. அவை காதுகளை நிமிர்த்தின. பாடத் தொடங்கிய லுவ்சன் தம் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று.

பாட்டு முடிந்ததும் ஜம்பா தம் செங்குதிரையை இழுத்துவந்து, கடைசிக் குதிரையின் வாலுக்குப் பின்னே நிறுத்தினார்.

“என்ன ஜம்பா, ஜெயிச்சவன் எதுக்குப் பின்னால நிக்கிறான்?” என்றார் லுவ்சன்.

“வரிசைல நிக்கிறான். அவனுக்கும் அந்தப் பெட்டியில ஒரு தடவை பாடுங்க.”

“அவனுக்குத்தான் பாடியாச்சே.”

“பாடினீங்களா? ஆடு இருமுதுன்னுல்ல நெனச்சேன்.”

கூட்டம் வெடித்துச் சிரித்தது. முதியவரும் சிரித்துவிட்டார். செங்குதிரைக்கு மீண்டும் வாசித்தேன். அதற்குள் இரண்டாம், மூன்றாம் குதிரைகளும் வரிசையில் சேர்ந்திருந்தன.

அண்ணனின் கண்களோ லுவ்சனின் கிழிந்த பிடில் மீதே இருந்தன. அங்கிக்குள்ளிருந்து பழைய தோலை எடுத்து நீட்டினார்.

“இது எங்களுக்கு இனிமே வேணாம், பெரியப்பா. உங்களுதுக்கு ஒட்டித் தரட்டுமா?”

முதியவர் தோலை வாங்கித் தடவிப் பார்த்து, தம் அங்கிக்குள் வைத்துக்கொண்டார்.

“உங்கப்பன் என் சிநேகிதன். இது என்கிட்டயே இருக்கட்டும்” என்றவர், கிழிந்த பிடிலை அண்ணன் கையில் திணித்தார். “இதுக்குப் பலகை போடு. எப்போ தருவே?”

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் கூடாரத்தில் ஒன்பது பிடில்கள் தோலிழந்து கிடந்தன. வருவோருக்கெல்லாம் தேநீர் வைத்து அண்ணிக்குக் கை ஓயவில்லை.