அறுந்ததும் அறுத்ததும்

அமாவாசையும் அதுவுமாக வண்டி படுத்துக்கொண்டது என்று புருஷன் பாண்டுரங்கன் சொன்னதும் ரஞ்சிதத்துக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. ஏறாதா பின்னே? செஞ்சியில் இருக்கிற பஸ்ஸெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷலாகப் போய்விட்டது. மற்ற வாடகைக் கார்களும் ஆட்களைத் திணித்துக்கொண்டு அங்கேதான் ஓடுகின்றன. மிச்சம் இருந்தது இவள் புருஷனுடைய பழைய லேண்ட்மாஸ்டர் கார் ஒன்றுதான். அது வீட்டு வாசலில் பானெட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"பேன் பெல்ட்டு போயிடுச்சு. பெல்ட்டு இல்லாம பேனும் சுத்தாது, தண்ணி பம்பும் ஓடாது. ஊரத் தாண்டறதுக்குள்ள ரேடியேட்டர் கொதிச்சுப் பூடும்" என்றான் பாண்டுரங்கன். பேசும்போது தலையை எஞ்சினுக்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

காலையில்தான் மல்லாக்கொட்டை மூட்டை ஏற்றிவந்த லாரிக்காரன் சேதி சொல்லிவிட்டுப் போனான். ரஞ்சிதத்தின் நைனா இளையபெருமாளைச் சாயந்திர ரயிலில் திண்டிவனத்திலிருந்து மெட்ராஸுக்குக் கூட்டிப்போகிறார்கள். தொண்டையில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன். உயிர் தப்பிவிடும், ஆனால் குரல்வளையையே எடுத்துவிடுவோம், அப்புறம் ஜென்மத்துக்கும் பேச்சு வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

ஏரிக்கரையில் நின்று கூப்பிட்டால் நாலு கொல்லை தள்ளி வேலை செய்கிறவனும் நிமிர்ந்து பார்ப்பான், அப்பேர்ப்பட்ட குரல். அந்தக் குரலில் "எம்மா, ரஞ்சிதம்" என்று ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். இவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

"வேற பெல்ட்டு வெச்சிருப்பியே?"

"அதத்தான் போன மாசம் போட்டேன். இது அதான். விழுப்புரம் போனாத்தான் கிடைக்கும். நாளைக்குப் பாக்கலாம்."

நாளைக்காம் நாளைக்கு! நாளைக்குப் போய் இன்னாத்தைக் கேட்பது?

மாமனாரைப் பார்க்கப் போகவேண்டாம் என்றாலே இந்த ஆளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். மூன்று வருஷமாக அந்த வாசப்படியை மிதிக்கவில்லை. மச்சினிச்சி கல்யாணத்தில் மூத்த மருமகனை முதல் பந்தியில் உட்காரவைக்காமல், "ஒரு நடை போயி மாப்ள வூட்டு சனத்த இட்டாந்துடுங்க" என்று அவர் வண்டியோடு அனுப்பிவிட்டார். இவன் திரும்பி வந்தபோது வடை தீர்ந்துபோயிருந்தது. ஒரு வடைக்கு மூன்று வருஷம் முறுக்கிக்கொண்டு திரிகிற ஆம்பளையை என்னவென்று சொல்ல!

"தாம்புக் கயிறு கெடக்குது. அத முறுக்கி மாட்டு. திண்டிவனம் வரைக்கும் தாங்காதா?"

"உனக்கு இன்னாடி தெரியும்? அறுத்த பெல்ட்டுக்குப் பதிலா கயிறு கட்டி ஓட்டச் சொல்றியே..."

வாய் பாதியில் நின்றது.

"இன்னா சொன்ன?"

"அறுந்த பெல்ட்டுன்னு சொன்னேன்."

"இல்ல. அறுத்ததுன்னு சொன்ன."

டயர் ஓரம் கிடந்த பெல்ட்டை எடுத்துப் பார்த்தாள். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டின வீட்டுப் பெண் அவள். தேய்ந்து அறுந்த வடம் நார்நாராகப் பிரிந்திருக்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. இது அரிவாள்மணையில் புடலங்காய் அரிந்த மாதிரி ஒரே சீராக இருந்தது.

"அடப்பாவி! எங்க நைனா பேசறத நான் கேக்கக்கூடாதுன்னு கத்திய வெச்சு அறுத்தியா? சோத்தத்தான் துன்றியாய்யா நீ?"

பெல்ட்டைச் சுழற்றி அவன் தோளில் ஒன்று வைத்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும்.

பாண்டுரங்கன் தோளைத் தேய்த்துக்கொண்டே வண்டிக்குள் ஏறினான். பின் சீட்டைத் தூக்கி, அடியிலிருந்து புத்தம்புது பெல்ட் ஒன்றை எடுத்தான். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

டைனமோ போல்ட்டைத் தளர்த்தி, டைனமோவை எஞ்சின் பக்கம் தள்ளினான். பெல்ட்டைப் பேன் இறக்கைகளுக்கு மேலாக ஒவ்வொன்றாகத் தாண்டவைத்து உருளைகளில் மாட்டினான். இனி பெல்ட் இறுகும்படி டைனமோவை வெளியே நெம்பிப் பிடிக்க ஆள் வேண்டும். ரஞ்சிதமே கடப்பாரையைச் செருகி நெம்பினாள்.

"போதும், போதும்! ரொம்ப முறுக்கா இருந்தா பேரிங் தேஞ்சிடும்" என்று போல்ட்டை முடுக்கினான். "கட்டைவெரலால அழுத்துனா அரை அங்குலம் உள்ள போவணும். அதான் கணக்கு."

அவன் விரலை வைக்கப் போனான். கையைத் தட்டிவிட்டு அவளே அழுத்திப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு ஒழுங்காக வேலை தெரிந்தவன் இப்படிச் செய்தானே!

வழியெல்லாம் பானெட்டில் புகை வருகிறதா என்றே அவள் பார்த்துக்கொண்டு வந்தாள். திண்டிவனம் ஸ்டேஷனுக்குள் ஓடியபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. ஜன்னல் ஓரம் நைனா, பக்கத்தில் அண்ணன் விநாயகம்.

"நைனா!"

இளையபெருமாள் எட்டிப் பார்த்தார். பார்வை மகள் மேல் விழுந்தது. அவளைத் தாண்டி, மையும் கிரீஸுமாகப் பின்னால் நின்ற மருமகன் மேல் போய் நின்றது. மூன்று வருஷம் கழித்து வந்திருக்கிற மருமகன் ஆயிற்றே, முறை என்று ஒன்று இருக்கிறதே!

"வாங்க மாப்ளே." கரகரவென்று, உடைந்து வந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் முகம் கோணியது. ஆனாலும் விடவில்லை. "வண்டி... வழியில தொந்தரவு குடுக்காம வந்துதா?"

பாண்டுரங்கன் கிரீஸ் கையைச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தான். இந்த ஆளை இப்படியே தண்டவாளத்தில் தள்ளிவிட்டால் என்ன என்று ரஞ்சிதத்துக்கு இருந்தது. நைனாவோ பதிலுக்காக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்துது நைனா. ஒரு கோளாறும் இல்ல" என்றாள் அவள்.

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அப்புறம் மகள் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. இருமி முடிப்பதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் அவளும் ஓடினாள். இருமல் நிற்கவேயில்லை.

ரயில் போன பிறகு பாண்டுரங்கன் மெதுவாகப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ரஞ்சிதம்" என்றான்.

"அந்தப் பேர நீ வாயில எடுக்காத" என்றாள்.