காந்தம் வைத்துப் பார்த்த பேரிங்

அஜ்மீர் காந்தம் வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்கியவனில்லை. அவன் வாப்பா முத்து முகம்மதுக்குக் காரைக்கால் கடைத்தெருவில் பழைய பாத்திரக் கடை இருந்தது. தகரத்துக்கு முலாம் பூசிப் பித்தளை என்று கொண்டுவருகிறவனைப் பேச்சில் பிடிக்க முடியாது. "மனுசன் நாக்கு புரளும், காந்தம் புரளாது" என்பார். கடையும் போயிற்று, வாப்பாவும் போனார், பழக்கம் மட்டும் மகனிடம் தங்கிவிட்டது. கல்யாணத்துக்குச் சீராக வந்த தாம்பாளத்தில் மாமனார் கண்முன்னாலேயே காந்தத்தை வைத்துப் பார்த்தவன் அவன். அதை மனைவி ஜஸீலா பதினாறு வருடமாக அவ்வப்போது எடுத்துத் தூசி தட்டி அவன் மேலேயே எறிந்துகொண்டிருக்கிறாள்.

வாப்பாவின் காந்தம் பழைய ஒலிபெருக்கியில் கழற்றியது. இவன் சாவிக்கொத்தில் தொங்குவது ஷார்ஜா சரக்கு. சுண்டைக்காய் அளவுதான், பீரோவில் ஒட்டிக்கொண்டால் ஆள் வைத்துப் பெயர்க்க வேண்டும்.

அந்த ஷார்ஜாவில் பதினோரு வருடம் வண்டி ஓட்டியாயிற்று. மகள் ஆஃப்ரின் தவழ்ந்ததையும் நடந்ததையும் பள்ளிக்கூடம் போனதையும் கைப்பேசியில்தான் பார்த்தான். போதும் என்று ஊருக்கு வந்து, கையிலிருந்ததை எல்லாம் போட்டு ஒரு பழைய வெள்ளை டாக்சி வாங்கினான். ஸ்டாண்டில் போட்ட ஆறு மாதத்தில் வண்டி ஓடியதைவிட அவன் ஈ ஓட்டியதுதான் அதிகம்.

அப்படியிருக்கும்போது ஒரே வாரத்தில் இரண்டு அழைப்பு வந்தது. ஒன்று, திருநள்ளாற்றில் லாட்ஜ் வைத்திருக்கும் சுவாமிநாதனுடையது. கோயிலுக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்க நிரந்தரமாக ஒரு வண்டி வேண்டுமாம். இன்னொன்று, ஷார்ஜாவில் இருக்கும் ஜஸீலாவின் அண்ணன் ஆபித்துடையது. "மச்சான், டிரைவர் விசா ஒண்ணு கையில இருக்கு. வெள்ளிக்கெழம சாயங்காலத்துக்குள்ள வார்த்த சொல்லிடுங்க. இல்லாட்டி வேற ஆளப் பாத்துடுவாங்க."

லாட்ஜ் அமைந்தால் ஊர். அமையாவிட்டால் விமானம்.

திங்கட்கிழமை சுவாமிநாதன் வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியதும் முன்சக்கரம் மாவு மெஷின் மாதிரி உறுமியது.

"என்ன பாய், வண்டி ஊளையிடுது?"

"பேரிங்குங்க. ரெண்டு நாள்ல மாத்திடுறேன்."

"மாத்திட்டு வெள்ளிக்கெழம வாங்க. சனிக்கெழம கூட்டத்துக்கு எனக்கு வண்டி வேணும். வர்றவங்கள்லாம் ஏற்கெனவே பயந்து போய் வர்றவங்க. நாம வேற பயம் காட்டக் கூடாது."

மெக்கானிக் நெடுமாறன் சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஆட்டிப் பார்த்து, இடதுபக்க பேரிங் போய்விட்டது என்றான். கடையில் தானே வாங்கி வருவதாகச் சொன்னான். அஜ்மீர் விடுவானா? மெக்கானிக்கைக் கடைக்கு அனுப்புவதும் பூனையைக் கருவாட்டுக்குக் காவல் வைப்பதும் ஒன்று என்பது அவன் குலத்துப் பாடம்.

"நானே வாங்கியாறேன். நீ நம்பர மட்டும் எழுதிக் கொடு."

சேக் பரீதின் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அரைமணி நேரம் பேரம் நடந்தது. "காக்கா, இதுக்குக் கீழ எறங்குனா நான் பிச்சச் சட்டிதான் தூக்கணும்" என்று அண்ணன் முறை வைத்துக் கெஞ்சினார் பரீது. "தூக்குங்க, நானும் ஒரு கை புடிக்கிறேன்" என்றான் அஜ்மீர். விலை படிந்ததும் பெட்டியைப் பிரித்து, சாவிக்கொத்தை எடுத்து, பேரிங்கின் இரண்டு பக்கமும் காந்தத்தை வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றினான். பட்டென்று ஒட்டியது. நல்ல இரும்பு. திருப்தி.

நெடுமாறன் வேலை தெரிந்தவன். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கழற்றுமுன், பிரேக்குக்கான ஏபிஎஸ் சென்சாரை அலுங்காமல் உருவி, வயர் இழுபடாமல் ஓரமாகக் கட்டிவைத்தான். சென்சார் உட்காரும் குழியில் இருந்த துருவைச் சுரண்டித் துடைத்தான். சுத்தியலைத் தொடவே இல்லை. பழைய பேரிங்கைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி, புதியதையும் பிரஸ்ஸில் வைத்தே ஏற்றினான். ஏற்றுமுன் கறுப்பு வளையம் இருந்த பக்கத்தைக் காட்டி, "இது சென்சாரப் பாத்து உள்பக்கம் வரணும் பாய். திருப்பிப் போட்டா கத முடிஞ்சுது" என்றான்.

செவ்வாய்க்கிழமை மாலை வண்டி பட்டுத் துணி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. உறுமல் இல்லை. டாஷ்போர்டில் மட்டும் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. ஏபிஎஸ்.

புதனெல்லாம் அதிலேயே போயிற்று. நெடுமாறன் வயரைப் பார்த்தான், பிளக்கைப் பார்த்தான், வலதுபக்கச் சென்சாரைக் கழற்றி இடதுபக்கம் மாட்டிப் பார்த்தான். விளக்கு அசையவில்லை.

"சென்சார் நல்லாருக்கு, பாய். பேரிங்குதான் பேச மாட்டேங்குது."

"போலிய தலையில கட்டிட்டான்யா பரீது!" என்று பொங்கினான் அஜ்மீர். சேக் பரீதிடம் போய்ச் சண்டை போட்டான். அவர் அல்லாமேல் ஆணையிட்டார். பிரஸ்ஸில் ஏற்றிய பேரிங்கை எந்தக் கடையிலும் திரும்ப வாங்கமாட்டார்கள் என்பது அவனுக்கும் தெரியும். வியாழன் காலையில் நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறி, வேறொரு கடையில் இன்னொன்று வாங்கினான். அந்த ஊரில் அந்த நம்பரில் இருந்ததே அது ஒன்றுதான்.

பட்டறைக்கு வந்து பெட்டியை நெடுமாறன் எதிரில் வைத்தான். "இந்தா, இது சுத்தமான சரக்கு. உன் கண்ணு முன்னாடியே காட்டுறேன்." சாவிக்கொத்தை எடுத்துக் கறுப்பு வளையத்தின்மேல் வைத்து, ஒரு சுற்று.

"அய்யய்யோ! பாய்! என்ன பண்றீங்க!"

"டெஸ்ட் பண்றேன். அன்னைக்கும் இப்படித்தான்..."

நெடுமாறன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். சத்தம் வராமல் வைத்தான். அதுதான் அஜ்மீரைப் பயமுறுத்தியது.

"இந்த வளையத்துல கண்ணுக்குத் தெரியாம வடக்கு, தெக்குன்னு மாத்தி மாத்திக் காந்தம் பதிச்சிருக்கான் பாய். சக்கரம் சுத்துறத சென்சார் அத எண்ணித்தான் தெரிஞ்சுக்கும். அதுமேல ஒங்க காந்தத்தத் தேச்சா என்னாகும்? சிலேட்டுல எழுதுனத அழிச்ச மாதிரிதான்."

"அப்ப... போலியான்னு எப்படிப் பாக்குறது?"

"போலி பேரிங்கும் இரும்புதான் பாய்!"

அஜ்மீருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும்விட்டான். ஊரை ஏமாற்றியவன் கதை நூறு கேட்டிருக்கிறான். காசு கொடுத்து வாங்கிய சரக்கைத் தன் கையாலேயே, அதுவும் இரண்டு தடவை கெடுத்தவன் கதை புதிது.

நெடுமாறன் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என்று போன் போட்டான். "சென்னையிலேர்ந்து வரணும். திங்கக்கெழமதான்" என்றான். பிறகு குரலைத் தணித்து, "விளக்குதான், பிரேக்கு பிடிக்கும். ஆனா மழை ரோட்டுல அழுத்திப் பிடிச்சா சக்கரம் பூட்டிக்கும். சுவாமிநாதன் ஐயாகிட்ட உள்ளதச் சொல்லி மூணு நாள் கேளுங்க."

உள்ளதைச் சொல்வதா? எதிராளியிடம் முதலில் குறையைச் சொல்கிற வியாபாரியை அவன் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வண்டியை ஓரங்கட்டி, கறுப்பு இன்சுலேஷன் டேப்பை நகத்தளவு கிள்ளி விளக்கின்மேல் ஒட்டினான். டாஷ்போர்டுக் கண்ணாடியும் கறுப்பு, டேப்பும் கறுப்பு. தெரியவே இல்லை. திங்கட்கிழமை வரை தாக்குப்பிடித்தால் போதும்.

திருநள்ளாற்றில் சுவாமிநாதன் முன்ஸீட்டில் உட்கார்ந்தார். வண்டி போய் வந்தது. "சத்தம் சுத்தமா இல்லையே!" என்றார். அஜ்மீரின் வயிற்றில் பால் வார்த்தது. லாட்ஜ் வாசலில் நிறுத்தி இஞ்சினை அணைத்தான்.

"பாய், இன்னொரு தடவ சாவியத் திருகுங்க."

திருகினான். டாஷ்போர்டில் விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. சுவாமிநாதன் கோயிலில் பிரதட்சணம் எண்ணுகிறவர்போல விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"நானும் முப்பது வருசம் வண்டி வச்சிருந்தவன். சாவியப் போட்டா எல்லாம் ஒரு தடவ எரிஞ்சு அணையணும். இதுல ஒண்ணு எரியவே இல்லையே?"

அவர் கையை நீட்டி, கண்ணாடிமேல் நகத்தை வைத்துச் சுரண்டினார். டேப் உரிந்தது. மஞ்சள் விளக்கு முழித்துப் பார்த்தது.

"ஐயா, திங்கக்கெழம புது பேரிங் வந்துடுது. மூணே மூணு நாள்..."

"இத உரிக்கிறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா குடுத்திருப்பேன் பாய். விளக்கு எரியுறது தப்பில்ல." டேப்பை அவன் சட்டைப் பையின்மேல் பொத்தான் வைப்பதுபோல ஒட்டிவிட்டு இறங்கிப் போனார். கோபம்கூட இல்லை.

வீட்டில் ஜஸீலா அந்த டேப்பைத்தான் முதலில் பார்த்தாள். "என்னங்க இது?" என்று உரித்தாள். அவன் ஒன்று விடாமல் சொன்னான். தாம்பாளக் கதையை எடுப்பாள் என்று காத்திருந்தான். எடுக்கவில்லை. அதை எடுத்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அண்ணன்கிட்ட நீங்க பேசுறீங்களா, நான் பேசவா?" என்றாள்.

அவனே பேசினான்.

திங்கட்கிழமை பேரிங் வந்தது. காந்தத்தை வீட்டுப் பிரிட்ஜில் ஒட்டிவிட்டுத்தான் அஜ்மீர் பட்டறைக்குப் போனான். நெடுமாறன் பெட்டியை அவன் கையில் கொடுக்கவே இல்லை. சக்கரம் சுற்றியது, விளக்கு அணைந்தது. வண்டி விற்பனைக்கு என்று கேள்விப்பட்டுப் பட்டறைக்கு வந்த நடராசன் என்ற டாக்சிக்காரர் ஒரு விலை சொன்னார். வாழ்க்கையில் முதல்முறையாக அஜ்மீர் பேரம் பேசாமல் தலையாட்டினான். மனிதர் பயந்துபோனார். "ஏன் பாய், வண்டியில ஏதும் கோளாறா?"

"வண்டியில இல்லீங்க."

அடுத்த வாரம் திருச்சி விமான நிலையத்துக்கு அதே வண்டியில்தான் போனான், பின்ஸீட்டில், பெட்டியோடு. வீட்டு வாசலில் ஆஃப்ரின் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் இனி அவனை அதில்தான் பார்க்க வேண்டும். பிரிட்ஜில் காந்தத்தின் கீழே அவனுடைய விசா நகல் தொங்கியது. இரண்டு வருடம் என்று அதில் போட்டிருந்தது.

நடராசன் சாவியைத் திருகினார். விளக்குகள் எல்லாம் எரிந்தன. அஜ்மீர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, விரலை மடக்கி எண்ணினான். ஒன்று குறையாமல் எரிந்து, ஒன்று மிச்சமில்லாமல் அணைந்தன.

"தங்கமான வண்டி பாய்" என்றார் நடராசன்.

"ஆமாங்க" என்றான் அஜ்மீர்.